இரண்டாவது அக்கவுண்ட்: ஸ்மர்ஃபைத் தடுப்பது எப்படி?



ராத்திரி மெஸ் சாப்பாடு முடிஞ்சதும் ஒரு ரேங்க்டு மேட்ச் போடலாம்னு உட்காருறீங்க. எதிர் டீம்ல ஒருத்தர். அக்கவுண்ட் புதுசு, ரேங்க்கும் உங்க அளவுதான். ஆனா பத்தே நிமிஷத்துல உங்க டீம் அஞ்சு பேரையும் தனி ஆளா முடிச்சுடுறார். அடுத்த மேட்ச்லயும் இதே மாதிரி இன்னொருத்தர். "நமக்கு இது செட் ஆகாதுடா"ன்னு கேமையே அன்இன்ஸ்டால் பண்ணிடுறீங்க.

கொஞ்சம் பொறுங்க. நீங்க மோசமா ஆடலை. அவர் ஒரு ஸ்மர்ஃப். அதாவது, நல்லா ஆடத் தெரிஞ்சவர் இரண்டாவது அக்கவுண்ட் திறந்து, கத்துக்குட்டி மாதிரி கீழ் ரேங்க்ல வந்து ஆடுறார். இந்தப் பேர் 1990களில் வார்கிராஃப்ட் 2 ஆடியவர்களிடமிருந்து வந்தது. பேரைப் பார்த்தாலே எதிராளிகள் விலகி ஓடுகிறார்கள் என்று இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள், ஸ்மர்ஃப்ஸ் கார்ட்டூனில் வரும் பெயர்களை வைத்துக்கொண்டு மறைந்து ஆடினார்கள்.

இதை எப்படித் தடுக்கலாம்? மூன்று வழிகளைப் பார்ப்போம்.

முதலில், ஓட்டை எங்கே?

பெரும்பாலான கேம்களின் ரேங்க் முறைக்கு மூலம் செஸ்ஸில் ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த கணக்கு. 1970ல் உலக செஸ் அமைப்பான ஃபிடே இதை ஏற்றுக்கொண்டது. இரண்டு பேருக்கும் 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் சராசரியாக 100க்கு 91 புள்ளி எடுப்பார் என்று இந்தக் கணக்கு சொல்லும். சம பலம் உள்ளவர்களை மோதவிடத்தான் இவ்வளவும்.

ஆனா புது அக்கவுண்டைப் பத்தி சிஸ்டத்துக்கு எதுவுமே தெரியாது. ஒரு வெற்றிக்கு 16 புள்ளின்னு வைங்க. தன் உண்மையான இடத்துக்கு 800 புள்ளி கீழே தொடங்குறவர் மேலே போக 50 மேட்ச் ஜெயிக்கணும். ஐவர் அணி ஆட்டம்னா, 250 எதிராளிகளோட ராத்திரி வீண். ஸ்மர்ஃபுக்கு லாபமே சிஸ்டத்தோட இந்த அறியாமைதான்.

வழி 1: வாசலில் பூட்டு

புது அக்கவுண்ட் திறப்பதைக் கடினமாக்குவது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ரேங்க்டு ஆட லெவல் 30 வேண்டும். டோட்டா 2ல் ரேங்க்டு ஆட, வேறு அக்கவுண்டில் இல்லாத போன் நம்பர் வேண்டும் என்று 2017ல் விதி வந்தது. பலன் உண்டு, ஆனா முழுசா இல்லை. நம்ம ஊர்ல போனுக்கு ரெண்டு சிம், அதுக்கு மேல அம்மா நம்பர் வேற இருக்கு!

வழி 2: கணக்கையே வேகப்படுத்துவது

எலோவில் ஒரே ஒரு எண்தான். மார்க் கிளிக்மேன் உருவாக்கிய கிளிக்கோ முறையில் இரண்டு எண்கள்: உங்கள் மதிப்பு, அந்த மதிப்பின் மேல் சிஸ்டத்துக்கு இருக்கும் சந்தேகம். சந்தேகம் அதிகமாக இருந்தால் புள்ளி வேகமாக மாறும். புது ஆளுக்கு 1500 மதிப்பு, 350 சந்தேகம் என்று தொடங்கி, தன் மதிப்பே உள்ள, ஆனால் நன்கு நிலைபெற்ற ஒருவரை ஜெயித்தால், ஒரே ஆட்டத்தில் 150 புள்ளிக்கு மேல் ஏறலாம். மேலே சொன்ன 50 மேட்ச் சட்டுனு சுருங்கிடும். டோட்டா 2வும் 2023ல் கிளிக்கோ வகைக்கு மாறியது. இதுல யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை என்பதுதான் அழகு. வேணும்னே தோற்று கீழேயே தங்குறவரை மட்டும் இது பிடிக்காது.

வழி 3: பிடித்துத் தடை போடுவது

2023 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் டோட்டா 2ல் 90,000 ஸ்மர்ஃப் அக்கவுண்டுகளை நிரந்தரமாகத் தடை செய்தது. அவற்றின் முதல் அக்கவுண்டுகளையும் கண்டுபிடித்ததாகவும், இனி முதல் அக்கவுண்டுக்கும் தண்டனை உண்டு என்றும் அறிவித்தது. பயம் வருவது இங்கேதான்.

ஆனா ஒரு சின்ன கணக்கு போடுங்க. 10,000 பேர் ஆடுறாங்க, அதுல 200 பேர் ஸ்மர்ஃப்னு வைங்க. நம்ம புரோகிராம் ஸ்மர்ஃபில் 90% பேரைப் பிடிக்கும், நல்லவர்களில் 5% பேரைத் தவறாகப் பிடிக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. விடை? 180 ஸ்மர்ஃப் மாட்டுவார்கள், கூடவே 490 அப்பாவிகளும். மாட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பே செய்யாதவர்கள்!

இதுல நீங்களும் இருக்கலாம். ஹாஸ்டல் வைஃபையில் முந்நூறு பேர் ஆடினாலும் வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே ஐபி முகவரி. அண்ணனும் தம்பியும் ஒரே லேப்டாப்பில் ஆடுவார்கள். ஐபியை மட்டும், மெஷினை மட்டும் பார்த்துத் தடை போட்டால் அநியாயம். ஆட்டத்திறன், அக்கவுண்ட் வயது, கருவி என்று பல சாட்சிகளும் ஒன்றையே சொன்னால்தான் தடை. அப்பவும் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கணும்.

நம்ம சிம்போசியத்துக்கு

அடுத்த முறை நீங்க கேமிங் ஈவென்ட் நடத்தினா, இதைச் செய்யுங்க:

• பதிவின்போதே முதல் அக்கவுண்ட் ஐடியை வாங்குங்க. அதுக்கப்புறம் மாத்த விடாதீங்க.
• அக்கவுண்டின் வயசு, பழைய மேட்ச் விவரம், உச்ச ரேங்க் மூணையும் பாருங்க.
• சந்தேகம் வந்தா உடனே வெளியேத்தாதீங்க. நேர்ல உட்கார வச்சு ரெண்டு மேட்ச் ஆடச் சொல்லுங்க.
• முடிவெடுக்குறவர் எந்த டீம்லயும் இருக்கக்கூடாது.

கடைசியா, இரண்டாவது அக்கவுண்ட் வச்சிருக்கும் நண்பருக்கு ஒரு வார்த்தை. ஃப்ரெண்ட்ஸோட ஜாலியா ஆடணும்னா அன்ரேங்க்டு மோட் இருக்கு. ரேங்க் இறங்கிடுமோன்னு பயமா? நீங்க கீழே வந்து வீழ்த்துற ஃபர்ஸ்ட் இயர் ஜூனியருக்கும் அதே பயம்தான். ஒரே வித்தியாசம், அவன்கிட்ட ஒரு அக்கவுண்ட்தான் இருக்கு.