மாணவி ஆசிரியை ஆனார்

ஆசிரியர் ஆக வேண்டுமா? சிறு வயதிலேயே பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். அப்படித்தானே நாம் நினைக்கிறோம்? சாவித்திரிபாய் புலே அப்படிப் போனவர் அல்ல. கல்யாணம் ஆன பிறகுதான் எழுத்துக் கற்றார்.

அவர் பிறந்தது 1831ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள். ஊர் நாய்காவ். இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில், சாத்தாரா மாவட்டத்தில் இருக்கிறது. பூவும் காய்கறியும் பயிரிடும் மாலி சாதியில் பிறந்தவர். 1840இல் அவருக்குக் கல்யாணம். பெண்ணுக்கு வயது 9. மாப்பிள்ளை ஜோதிராவுக்கு வயது 13. புகுந்த வீடு புனே நகரம்.

ஜோதிராவ் பள்ளியில் படித்தவர். தாம் படித்ததை மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தார். ஜோதிராவைச் சிறு வயதில் எடுத்து வளர்த்த சகுணாபாயும் கூட உட்கார்ந்து படித்தார். இது சின்ன விஷயம் இல்லை. பெண் படித்தால் புருஷன் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம் அது. இங்கே புருஷனே வாத்தியார்!

படிக்கத் தெரிவது வேறு. படிப்பிக்கத் தெரிவது வேறு. நன்றாகக் களை எடுப்பவர் எல்லாம் அதைப் பிறருக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவாரா? சாவித்திரிபாய் இதை அறிந்திருந்தார். ஆகவே ஆசிரியைப் பயிற்சி பெற்றார். அன்றைய அகமதுநகரில் மிஸ் ஃபாரார் என்பவரிடம் பயின்றார். புனேயில் மிசஸ் மிட்செல் என்பவரின் பயிற்சிப் பள்ளியிலும் படித்தார்.

ஜோதிராவும் பயிற்சியின் அருமையை அறிந்தவர். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவுக்கு ஒரு மனு எழுதினார். பயிற்சி பெற்றவர்களே பள்ளிகளில் இருக்க வேண்டும் என்றார். மாதச் சம்பளம் 12 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று கேட்டார். கலப்பையையும் தச்சுவேலை வாய்ச்சியையும் பிடிக்க வெட்கப்படாதவர் ஆசிரியராக வர வேண்டும் என்றும் சொன்னார். நல்ல யோசனைதான். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு உழவு தெரிந்த வாத்தியார்.

1848இல் இருவரும் புனேயில் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். பிடே வாடா என்ற வீட்டில் அது நடந்தது. வந்த பெண்கள் கொஞ்சம் பேர்தான். சாவித்திரிபாய்க்கு அப்போது வயது 17.

வகுப்பில் பாடம் சொல்வது கஷ்டம் இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் தெருதான் கஷ்டம். அவர் நடந்து போகும்போது ஏசினார்கள். சாணி எறிந்தார்கள். கல்லும் எறிந்தார்கள். அவர் என்ன செய்தார்? பையில் இன்னொரு சேலை எடுத்துப் போனார். பள்ளிக்குப் போனதும் சாணி பட்ட சேலையை மாற்றிக் கொண்டு பாடம் நடத்தினார். திரும்பும்போது பழைய சேலையைக் கட்டிக் கொண்டார். திரும்பும் வழியிலும் சாணி விழும் அல்லவா?

வீட்டிலும் நெருக்கடி வந்தது. ஊராரின் பேச்சுக்கு மாமனார் பயந்தார். பள்ளியை விடுங்கள், இல்லாவிட்டால் வீட்டை விடுங்கள் என்றார். 1849இல் இருவரும் வீட்டை விட்டு வெளியேறினார்கள். பள்ளியை விடவில்லை.

பிறந்த வீடு மட்டும் ஏற்றுக் கொண்டதா? 1856இல் உடம்பு சரியில்லாமல் நாய்காவ் போயிருந்தார். நீயும் உன் புருஷனும் சாதியை விட்டுத் தள்ளப்பட்டவர்கள், மகார், மாங் மக்களுக்காக நீங்கள் செய்வது பாவம் என்று உடன்பிறந்தவரே சொன்னார். மகார், மாங் என்பவை அன்று ஊரார் தீண்டாமல் ஒதுக்கிய சாதிகள். சாவித்திரிபாய் திருப்பிக் கேட்டார். ஆட்டையும் மாட்டையும் தடவிக் கொடுக்கிறாய். நாகபஞ்சமிக்குப் பாம்புக்குப் பால் வைக்கிறாய். உன்னைப் போன்ற மனிதனைத் தொட மாட்டாயா? இந்தப் பேச்சை அவரே கணவருக்குக் கடிதமாக எழுதினார். தாம் ஊரில் இல்லாததால் ஃபாத்திமாவுக்கு வேலைச் சுமை கூடியிருக்கும் என்ற கவலையும் அதே கடிதத்தில் இருக்கிறது. ஃபாத்திமா அவருடன் வேலை செய்த தோழி.

பகலில் உழைப்பவர்களுக்கு இரவுப் பள்ளியும் அவர்கள் நடத்தினார்கள். அதைத் தொடங்கியது 1855இல். விளக்கு வெளிச்சத்தில் படித்த உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

1897இல் பிளேக் நோய் பரவியது. நோயாளிகளுக்குப் பணி செய்த சாவித்திரிபாயையும் அது தொற்றியது. மார்ச் 10ஆம் நாள் அவர் இறந்தார். 2014இல் புனே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பல்கலைக்கழகம் பெரியதுதான். ஆனால் ஒரு சிறுமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் முக்தா. மாங் சாதிப் பெண். புலே தம்பதியின் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்தாள். 1855இல் அவள் எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ என்ற மராத்தி இதழில் அச்சானது. தன் மக்கள் படும் துன்பத்தை அதில் எழுதினாள். எங்கள் பெண்கள் பிள்ளை பெறும்போது தலைக்கு மேல் கூரை கூட இல்லை, மழையிலும் குளிரிலும் தவிக்கிறார்கள் என்று அவள் எழுதியிருந்தாள்.