பாட்டிக்கு மறதியா, நோயா?

"வயசாச்சு, அதான் மறதி" என்று நம் வீடுகளில் ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுவோம். அந்த வரி எப்போது சரி, எப்போது ஆபத்து என்பதுதான் இந்த மாதப் பாடம். நான் படிப்பது பொறியியல்தான், மருத்துவம் இல்லை. ஆனால் வீட்டில் 74 வயதுப் பாட்டி இருக்கிறார். அதனால் இதைத் தேடிப் படித்தேன்.

மூளையின் திறன்கள் எல்லாம் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவை இரண்டாகப் பிரித்தார். புதிய சிக்கலைச் சட்டென்று பிடித்துத் தீர்ப்பது ஒன்று. வாழ்ந்து சேர்த்த சொல்வளமும் அனுபவ அறிவும் இன்னொன்று. முதலாவது இளமையிலேயே உச்சம் தொட்டு மெல்ல இறங்கும். இரண்டாவது அறுபதைத் தாண்டியும் நிற்கும். எங்கள் பெக்கான் நானாஸ் பாட்டியைப் பார்த்தாலே இது புரியும். போனில் வரும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்து அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆனா, கோயில் அன்னதானத்துக்கு 200 பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்புன்னு கேளுங்க. தராசே வேண்டாம்!

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரண மறதி. சாவி எதற்கு என்றே தெரியாமல் நிற்பது வேறு. ஐம்பது வருஷமாக வைத்த ரசத்தில் எதற்குப் பிறகு எது என்று குழம்புவது, பழகின தெருவில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் நாலு தடவை கேட்பது, இதையெல்லாம் வயசு என்று விடக்கூடாது. மலேசியாவில் 2018-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினரிடம் டிமென்ஷியா அறிகுறிகள் தெரிந்தன.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஹைதராபாத்தில் நடந்தது. டாக்டர் சுவர்ணா அல்லாடியின் குழு 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு, ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட நாலரை வருஷம் தாமதமாகவே நோய் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் வித்தியாசம் தெரிந்தது! பாசாரில் மலாயில் பேரம் பேசி, வீட்டில் தமிழ் பேசும் நம் தோட்டத்துப் பாட்டிகளை நினைத்துக்கொண்டேன். மூன்றாவது மொழியால் கூடுதல் பலன் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. பின்னால் வேறு இடங்களில் நடந்த சில ஆய்வுகளில் இந்தப் பலனே கிடைக்கவில்லை. ஆக, இது உறுதியான கவசம் இல்லை.

நம் சமூகம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. இந்த நாட்டில் நீரிழிவு இந்தியரிடம்தான் அதிகம். அதற்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். சைவ உணவில் அது ஏற்கனவே குறைவு. பி12 குறைந்தால் நினைவு மங்கும், கால் மரத்துப்போகும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடியது இது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு குறைவு, மனச்சோர்வு இவையும் மறதி போலவே தெரியும். காது மந்தமாகி, சொன்னது சரியாக விழாததையும் நாம் மறதி என்றுதான் நினைப்போம்.

கிளினிக்குக்குப் போகும்போது மருந்துப் பையை அப்படியே எடுத்துட்டுப் போங்க. தினமும் கூட இருக்கிறவர் ஒருத்தர் உள்ளே போய், எப்போது தொடங்கியது, என்னென்ன மாறியது என்று டாக்டரிடம் சொல்லட்டும். பாட்டியைக் கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்லப்பா"ன்னுதான் சொல்லுவாங்க.