ஊதியம் கருதா வழக்கறிஞர் பணி

பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் பலர் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த செய்தி 1979ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாளேட்டில் வெளிவந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தாலும் பெற்றிருக்கக்கூடிய உச்சத் தண்டனையைவிட நீண்ட காலத்தை, தீர்ப்பு ஏதுமின்றியே சிலர் சிறையில் கழித்திருந்தனர். ஜாமீன் கொடுக்க அவர்களுக்கு வசதியில்லை. வாதாட வழக்கறிஞரும் இல்லை. செய்தியைக் கண்ட வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அதுவே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்றும், ஏழைக்கு இலவச சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்றும் நீதிமன்றம் அறிவித்தது.

கட்டணம் தர இயலாதவருக்காக வழக்கறிஞர் ஏன் உழைக்க வேண்டும்? 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் உரிமை வழக்கறிஞர்களுக்கே உண்டு. இத்தனியுரிமை ஒரு கடமையையும் உடன் கொண்டுவருகிறது. வறியவருக்கு உதவுவது மிக உயர்ந்த கடமைகளுள் ஒன்று என இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் கூறுகின்றன. இளம் வழக்கறிஞருக்கோ, ஒரு வழக்கைத் தாமே முழுப்பொறுப்பேற்று நடத்தும் வாய்ப்பும் இதனால் கிட்டுகிறது.

சட்ட உதவி இன்று வெறும் தருமம் அன்று. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39-அ பிரிவைச் சேர்த்தது. 1987இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறலாம். ஆணையத்தின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர்களுக்கு ஓரளவு ஊதியமும் உண்டு.

அவ்வாறாயின் தன்னார்வப் பணிக்கு இடமேது? உரிமை உண்டென அறிந்தவரே உதவி கேட்டு விண்ணப்பிப்பர். அறியாதவரைத் தேடிச் சென்று சொல்ல ஒருவர் வேண்டும். பீகார் கைதிகள் யாரையும் அமர்த்தவில்லை. வழக்கறிஞரே அவர்களுக்காக முன்வந்தார். இத்தகைய ஆர்வலர்களையும் தேவையுள்ளோரையும் இணைப்பதற்காகவே நடுவண் அரசு 2017இல் 'நியாய பந்து' திட்டத்தைத் தொடங்கியது.

எனினும் நல்லெண்ணம் மட்டும் போதாது. கட்டணமில்லா வழக்கு என்பதால் ஒரு தவணைக்கு வழக்கறிஞர் வரத் தவறினால், அதன் விலையைச் சிறையில் இருப்பவர் தம் வாழ்நாளைக் கொண்டு செலுத்த நேரிடும். பணம் தரும் கட்சிக்காரருக்குக் காட்டும் அதே கவனத்தை ஏழைக்கும் காட்டும்போதுதான் தன்னார்வப் பணி நீதிப் பணியாகிறது.