பழைய ரிவால்வரின் பிடியை மாற்றிவிட்டு விற்கலாமா?

அமெரிக்காவில் ஏல நிறுவனத்திலோ, கமிஷனுக்குப் பழம்பொருள் விற்றுத்தரும் கடையிலோ மதிப்பீட்டு வேலையில் சேர்ந்தவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. அப்பா விட்டுச்சென்ற ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டு, "பிடி தேய்ந்துபோய் அசிங்கமாக இருக்கிறது, புதிது போட்டால் கூடுதலாகப் போகுமா?" என்பார் வாடிக்கையாளர். பெரும்பாலும் "போகாது" என்பதே சரியான பதில். காரணத்தோடு சொன்னால்தான் அவர் ஏற்பார்.

முதலில் சுழல் அறையைத் திறந்து குண்டு எதுவும் இல்லை என்று நீங்களே பாருங்கள். காலியாக இருக்கிறது என்று யார் சொல்லியிருந்தாலும் பாருங்கள். அடுத்து பிடியைக் கழற்ற வேண்டும். திருகின் பள்ளத்தில் ஆடாமல் உட்காரும் திருப்புளி மட்டுமே உதவும். வாய் அகலம் பொருந்தாத திருப்புளி வழுக்கி, மரத்தில் ஒரு கோடு இழுத்துவிடும். உங்கள் கைங்கரியம் அந்தக் கோடாகவே நிற்கும். திருகைச் சில சுற்று தளர்த்தி, அதன் தலையை மெல்ல அழுத்தினால் பிடியின் எதிர்ப்பக்கத்துப் பலகை தானாக எழும்பும். நெம்பக் கூடாது. நெம்பினால் ஓரம் சிதறும், அதிலும் பழைய கடின ரப்பர் பிடி என்றால் அப்பளம்தான்.

கழற்றிய பலகையைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பெரும்பாலான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில், வலப்பக்கப் பலகையின் உட்புறத்தில் துப்பாக்கியின் வரிசை எண்ணைப் பென்சிலால் எழுதியோ அச்சுக் குத்தியோ வைத்திருப்பார்கள். அந்த எண் துப்பாக்கியின் உலோகச் சட்டத்தின் அடியிலுள்ள எண்ணோடு ஒத்துப்போனால், இந்தப் பிடியும் இந்தத் துப்பாக்கியும் ஒன்றாகவே தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியவை. சேகரிப்பவர் காசு கொடுப்பது இந்தச் சாட்சிக்கு. எவ்வளவு அழகான புதுப் பிடி போட்டாலும் இது திரும்பி வராது.

எண் இல்லாவிட்டாலும் பிடியின் உருவமே காலம் சொல்லும். சட்டத்தின் பின்தோளை மூடி மேலேறும் 'மேக்னா' பிடி 1935இல் வந்தது. திருகுத் துளையைச் சுற்றிக் கட்டம் வெட்டாமல் விடப்பட்ட வைர வடிவம் 1968 வாக்கில் கைவிடப்பட்டது. ஆக, 1920களின் துப்பாக்கியில் மேக்னா பிடி இருந்தால் இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கைக்கு வரும் ஒவ்வொன்றையும் உள்ளும் புறமும் படமெடுத்துச் சேர்த்து வாருங்கள், கண் பழகிவிடும்.

கண் பழகாதவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்பதற்கு நல்ல உதாரணம் 'விக்டரி' மாடல். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அவசரகதியில் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய ராணுவ ரிவால்வர் அது. வரிசை எண்ணின் முன்னால் 'வி' எழுத்து, பிடியின் அடியில் கயிறு கோர்க்கும் வளையம், பளபளப்பே இல்லாத சாம்பல் மேற்பூச்சு. பிடியோ வழுவழுப்பான வெறும் வால்நட் மரம். கட்டம் வெட்டிய சொரசொரப்பும் கிடையாது, நிறுவனத்தின் பதக்கமும் கிடையாது. பார்க்க ஏழையாகத்தான் இருக்கும். பிடி மட்டும் மலிவுச் சரக்கு என்று நினைத்து, பதக்கம் வைத்த அழகான பிடியைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத் துப்பாக்கி என்பதால்தான் அதை ஒருவர் வாங்க வருகிறார். போர்க்காலத்தின் அடையாளத்தையே கழற்றிப் போட்டால் அவருக்கு விற்க என்ன மிச்சம்?

அப்படியானால் எப்போதுமே மாற்றக் கூடாதா? மாற்றலாம், சில சமயம் மாற்றியே ஆக வேண்டும். துப்பாக்கியில் இப்போது இருப்பது பின்னாளில் வாங்கிப் போட்ட ரப்பர் பிடி என்றால், அதற்கு விசுவாசமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் கடைக்கு ஓடுமுன் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டில் பழைய டப்பா, மேசை இழுப்பறை, கருவிப் பெட்டி எல்லாம் தேடினீர்களா?" சுடுவதற்கு வசதி என்று ரப்பர் போட்ட மனிதர், மூலப் பிடியைத் தூக்கி எறிந்திருக்க மாட்டார். இந்தக் கேள்விக்குச் செலவில்லை.

கிடைக்கவில்லை என்றால் கணக்குப் போடுங்கள். அந்தக் காலத்துப் பிடி ஒன்று 150 டாலர், உங்கள் கடைக் கமிஷன் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலை குறைந்தது 187.50 டாலர் உயர்ந்தால்தான் வாடிக்கையாளருக்குக் கைநஷ்டம் இல்லை. அவ்வளவு உயரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால், இருக்கிறபடியே விற்றுவிடச் சொல்லுங்கள். சேகரிப்பவரிடம் பெரும்பாலும் நாலைந்து ஜோடி கையிருப்பில் இருக்கும், அவரே பொருத்திக்கொள்வார். பொருத்தமும் ஒரு தலைவலி. சட்டத்தின் அளவு மாறினால் பிடி சேராது. அடிப்பாகம் சதுரமா உருண்டையா என்பதும் முக்கியம். அளவு சரியாக இருந்தும் பழைய பிடிகளில் மயிரிழை இடைவெளி விழும், ஏனென்றால் அவற்றைத் தொழிலாளர்கள் அந்தந்தச் சட்டத்தோடு சேர்த்துக் கையாலேயே இழைத்திருப்பார்கள். இதே காரணத்தால்தான் மூலப் பிடியை உப்புத்தாளால் தேய்த்துப் புதுசாக்கவும் கூடாது. தேய்த்த மரம் உலோக விளிம்புக்குக் கீழே இறங்கிவிடும். தெரிந்தவர்கள் விரல் வைத்ததுமே கண்டுபிடிப்பார்கள். மென்துணியால் துடைத்தால் போதும்.

விலை உயர்ந்த துப்பாக்கி என்றால் முடிவெடுக்குமுன் தொழிற்சாலைக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள். கட்டணம் செலுத்தினால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய ஆவணங்களைப் பார்த்து, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவார்கள். கோல்ட் நிறுவனத்துக்கும் இந்த வசதி உண்டு. பிடி எது என்பதும் பதிவில் இருந்தால் கடிதத்தில் வரும். முத்துச்சிப்பிப் பிடியோடு போனதாகப் பதிவிருக்க, 'இது பின்னால் மாட்டிய ஆடம்பரம்' என்று நீங்கள் கழற்றிவிட்டால் என்ன ஆகும்?

தந்தப் பிடி வந்தால் கையை எடுத்துவிட்டு மேலாளரைக் கூப்பிடுங்கள். 2016 முதல் அமெரிக்காவில் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்துக்கு மத்திய அரசின் கடுமையான கட்டுப்பாடு உண்டு. நூறாண்டு பழமையை நிரூபிக்க முடிந்தால் விலக்கு, மிகக் குறைந்த அளவு தந்தத்துக்குத் தனி விலக்கு என்று விதிகள் கிளை பிரியும். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களின் சட்டம் தனி. இங்கே மாற்றலாமா என்ற கேள்வியை முடிவு செய்வது சட்டம், அழகோ விலையோ இல்லை.

வேலையையே பறிக்கக்கூடிய ஒரு தவறும் உண்டு. வேறு துப்பாக்கியின் பிடியைப் பொருத்தி, உட்புறத்தில் பென்சிலால் இந்தத் துப்பாக்கியின் எண்ணை எழுதிவிடுவது. ஒரு நிமிட வேலை, அதனால்தான் ஆசை காட்டுகிறது. அதன் பெயர் மோசடி. முதலாளியே சொன்னாலும் எழுதாதீர்கள். 'அதே காலத்துப் பிடி, இந்தத் துப்பாக்கிக்கு உரியதல்ல' என்று விற்பனைக் குறிப்பில் எழுதுவதால் வாங்குபவர் ஓடிவிடமாட்டார்.

எதை மாற்றினாலும் வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கழற்றிய பிடியையும் திருகையும் ஒரு பையிலிட்டு, வரிசை எண் எழுதிய சீட்டு ஒட்டி, துப்பாக்கியோடு சேர்த்தே ஏலத்துக்கு அனுப்புங்கள்.