கதை எழுதுபவரின் மேசைக்கு எந்தப் புத்தகங்கள்?

இதழ் அலுவலகத்தில் கதை படித்துத் தேர்வு செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘வர்ணனை போதாது’ என்று அவர் ஒரு கதையைத் தள்ளுவது அபூர்வம். ‘ஊர் எதுவென்றே தெரியவில்லை’, ‘எல்லாம் எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறது’ என்றுதான் தள்ளுவார். பச்சைப் பசேலென்ற வயல், சலசலத்து ஓடும் ஆறு, வானத்தில் முழுநிலா, கன்னத்தில் உருளும் கண்ணீர். இவற்றில் பிழை ஒன்றும் இல்லை. எந்த ஊருக்கும் எந்த ஆளுக்கும் பொருந்தும் என்பதுதான் கோளாறு.

இதற்கு மருந்து இன்னும் நாலு அடைமொழி சேர்ப்பதல்ல. அந்தந்தப் பொருளின் பெயரும், அது எப்படி வேலை செய்கிறது என்பதும் எழுதுபவருக்குத் தெரிய வேண்டும். தெரியாததைப் பார்த்துக்கொள்ளப் புத்தகங்கள் இருக்கின்றன. ரா. கி. ரங்கராஜனின் ‘எப்படிக் கதை எழுதுவது?’, ஜெயமோகனின் ‘எழுதும் கலை’ போன்றவை கதையின் கட்டுமானத்தைச் சொல்லித்தருபவை. படித்து உள்வாங்கிக்கொண்டு அலமாரியில் வைத்துவிடலாம். இங்கே பேசப்போவது கையெட்டும் தூரத்திலேயே கிடக்க வேண்டிய பார்வை நூல்களைப் பற்றி. அவற்றில் பாதி, கதாசிரியர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவையே அல்ல.

அகராதிகள்: எதற்கு எது

முதலில் வாங்க வேண்டியது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992-இல் முதல் பதிப்பு, 2008-இல் இரண்டாவது, 2020-இல் மூன்றாவது. மூன்றாவதையே வாங்குங்கள். பொருள் சொல்வதோடு நிற்காமல் சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுகிறது. பேச்சு வழக்கா, உயர் வழக்கா, இலங்கை வழக்கா என்று குறியிட்டுச் சொல்கிறது. யாழ்ப்பாணத்துப் பெரியவரை மதுரைத் தமிழ் பேசவைத்துவிட்டு வாசகர் கடிதத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இதைப் பார்க்கலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வேறு வேலைக்கு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அனுபந்தமாகவும் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் பலர் கவனிக்காத வசதி ஒன்று உண்டு. தமிழ்ச் சொல்லைத் தேடுவது போலவே, ஆங்கிலத்தில் இருக்கும் பொருள் விளக்கங்களுக்குள்ளும் தேடலாம். தறி, படகு, ஏர் இவற்றுக்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டால், அது தொடர்பான தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து விழும். பெயர் தெரியாத பொருளுக்குப் பெயர் தேட இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் விழும் சொற்களில் செத்துப்போனவையும் நிறைய. அந்தத் தொழில் செய்யும் ஒருவரிடம் சொல்லிக்காட்டி, அவர் முகம் சுளிக்காவிட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிகண்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பீட்டர் மார்க் ரோஜே 1852-இல் சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கி ஆங்கிலத்தில் வெளியிட்ட தெசாரஸை எழுத்தாளர்கள் கொண்டாடுகிறார்கள். மக்கட்பெயர், விலங்கின் பெயர், இடப்பெயர், ஒலி பற்றிய பெயர் என்று அதே முறையில் திவாகர நிகண்டு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அடுக்கிவிட்டது. பெருமை சரி. ஆனால் அது செய்யுள் செய்பவருக்கான சரக்கு. கடலைப் ‘பரவை’ என்றும் ‘ஆர்கலி’ என்றும் மாற்றி மாற்றிப் போட்டால் மெரினாவில் சுண்டல் வாங்கும் பாத்திரம் நாடக மேடை ஏறிவிடும். உரைநடைக்கு ஒரே பொருளின் ஒன்பது பெயர்கள் வேண்டாம். ஒன்பது பொருள்களின் சரியான பெயர்கள் வேண்டும்.

அதற்கு வட்டார அகராதிகள்தான் தோது. கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரத்துக்குத் தொடங்கிவைத்தார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வந்தது. கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கு ஒன்று செய்திருக்கிறார். மூவரும் முதலில் நாவலாசிரியர்கள் என்பதைக் கவனியுங்கள். தங்கள் கதைகளுக்குப் பயன்பட்ட சொற்களைத்தான் நமக்கும் கொடுத்திருக்கிறார்கள். இவற்றை வாங்கிய புதிதில் ஒரு ஆசை வரும், பக்கத்துக்குப் பத்துச் சொல் தூவிவிடலாம் என்று. அடக்கிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கிராமத்துக் கல்யாணத்துக்குப் போன ஒரு பையனின் கண்வழியாகக் கதை நகரும்போது, அவனுக்குத் தெரியாத சொல்லைக் கதைசொல்லி மட்டும் எப்படிச் சொல்வார்? அவன் ‘அது என்னது?’ என்று கேட்கட்டும். அந்த ஊர்க்காரர் பெயரைச் சொல்லட்டும்.

ஒரு தறி, அருகில் நின்று பார்த்தால்

பெயர் தெரிவதால் என்ன கிடைக்கிறது என்பதை ஒரு எடுத்துக்காட்டில் பார்ப்போம். ‘நெசவாளி தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தறி தடதடவென்று ஓடியது.’ இப்படி எழுதியவர் தறியைச் சினிமாவில்தான் பார்த்திருப்பார்.

குழித்தறி என்றால் நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பார். கால்கள் குழிக்குள் இருக்கும் மிதிகளில். மிதித்தால் விழுதுகள் ஏறி இறங்கிப் பாவு இரண்டாகப் பிரியும். கையில் இருக்கும் கயிற்றைச் சுண்டினால் நாடா அந்த இடைவெளியில் ஓடும். பிறகு அச்சை இழுத்து ஓர் அடி. நாடாவுக்குள் இருக்கும் தாரில் ஊடை நூல் தீர்ந்தால் சத்தம் நிற்கும். பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் மனைவியோ அம்மாவோ அடுத்த தாரை நீட்ட வேண்டும்.

இப்போது கதை எழுதுபவர் கையில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் இருக்கும் வீட்டிலும் தார் கை மாறித்தான் ஆக வேண்டும். நீட்டுவாளா, பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாளா? சண்டையை ஒரு வரி வசனம் இல்லாமல் காட்டிவிடலாம். மழை வந்தால் குழியில் ஈரம் ஊறும், பள்ளமான வீடுகளில் தண்ணீரே நிற்கும். தறி ஓடாது, கூலி இல்லை. விடியற்காலையில் தெருவில் நீளமாகப் பாவை விரித்துக் கஞ்சி போடும் வேளையில் தூறல் விழுந்தால், அது வர்ணனை அல்ல, சம்பவம். காஞ்சிபுரத்து வீட்டு ஜன்னலில் ‘ரம்மியமான மழை’ பெய்யவைத்தவர் கோட்டைவிட்டது இதைத்தான்.

உணர்ச்சிக்குப் பட்டியல் உண்டா?

உண்டு. ஏஞ்சலா அக்கர்மன், பெக்கா புக்லிசி இருவரும் 2012-இல் வெளியிட்ட ‘எமோஷன் தெசாரஸ்’ ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் வட்டாரத்தில் பிரபலம். முதல் பதிப்பில் 75 உணர்ச்சிகள். 2019 பதிப்பில் 130. ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியும் உடல் அசைவுகள், உள்ளே நிகழும் மாற்றங்கள், மனம் ஓடும் விதம், அந்த உணர்ச்சியை அடக்கிக்கொண்டால் எப்படித் தெரியும் என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்ன பகுதிக்காகவே புத்தகத்தை வாங்கலாம். கோபப்படுபவரை யாரும் எழுதிவிடுவார்கள். மாமனார் முன்னால் கோபத்தை விழுங்குபவரை எழுதுவதில்தான் வேலை இருக்கிறது.

அப்படியே இறக்கிவைத்தால் மட்டும் ஆபத்து. தோளைக் குலுக்குவது, கண்ணை உருட்டுவது, உதட்டைக் கடிப்பது எல்லாம் அந்த ஊர் உடம்பின் பழக்கம். நம்மூரில் மடித்துக் கட்டிய வேட்டியை ஒருவர் அவிழ்த்துவிடுவது மரியாதை. பேச்சு முற்றும்போது அதையே மடித்துக் கட்டினால் வேறு சேதி. அந்தப் பட்டியல் உங்களுக்குக் கேள்விகளாக இருக்கட்டும். பதிலை உங்கள் தெருவில் தேடுங்கள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதே வேலையை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்கிறது. எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்கள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது அவமானத்தில் அழுவதும் பறிகொடுத்து அழுவதும் நிலை தாழ்ந்து அழுவதும் இல்லாமையில் அழுவதும் வெவ்வேறு. உங்கள் பாத்திரம் அழும் இடத்தில் நிறுத்தி, இந்த நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் கண்ணீரை வெட்டிவிட்டே எழுத முடியும். நல்ல உரையோடு கூடிய பொருளதிகாரப் பதிப்பு ஒன்று போதும். தேர்வுக்குப் படிப்பது போலப் படிக்க வேண்டாம்.

இடமும் நேரமும்

அதே அக்கர்மன்–புக்லிசி இணை 2016-இல் நகரத்துக்கு ஒன்றும் கிராமப்புறத்துக்கு ஒன்றுமாக இரண்டு இடவர்ணனைத் தெசாரஸ்கள் கொண்டுவந்தது. ஒவ்வோர் இடத்திலும் என்ன தெரியும், கேட்கும், மணக்கும் என்ற அட்டவணை. அமெரிக்க வீட்டையும் பள்ளியையும் எழுதுபவருக்கு நல்லது. நமக்குக் கருப்பொருள் பட்டியல் போதும்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். குறிஞ்சிக்கும் முல்லைக்கும் போட்ட கணக்கு என்று ஒதுக்காதீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் கதை நடக்கிறதா? எட்டையும் நிரப்புங்கள். தெய்வம், கம்பெனி வாசலில் ஆயுத பூஜைக்கு மட்டும் மாலை பார்க்கும் பிள்ளையார். பறை, ஷிஃப்ட் சங்கு. யாழ், மெஸ்ஸில் ஓடும் எஃப்.எம். பறவை என்ற இடத்தில் காகத்தைத் தவிர ஒன்றும் தோன்றவில்லையென்றால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். எட்டில் இரண்டு கதையில் வந்தால் போதும். மற்ற ஆறும் உங்களுக்குத் தெரிந்திருப்பது எழுத்தில் தானாகத் தெரியும்.

நேரத்துக்குப் பஞ்சாங்கம். சிரிக்க வேண்டாம், கதாசிரியருக்கு இதைவிட மலிவான பார்வை நூல் கிடையாது. பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போது கிழக்கே எழும். வளர்பிறைப் பஞ்சமி நிலா நள்ளிரவுக்கு முன்பே மேற்கே இறங்கிவிடும். தேய்பிறை அஷ்டமி என்றால் நள்ளிரவை ஒட்டித்தான் தலைகாட்டும். முதல் அத்தியாயத்தில் அமாவாசைத் தர்ப்பணம், மூன்றாம் நாள் நடுநிசியில் நிலவொளியில் காதலர் சந்திப்பு என்று எழுதினால், கிராமத்து வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடுவார்.

பறவைக்கு சாலிம் அலி. 1941-இல் முதலில் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் பல பதிப்புகள் கண்டது. குயிலின் அந்தப் புகழ்பெற்ற கூவல் ஆணுடையது. கறுப்பு உடம்பு, சிவப்புக் கண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, கத்தல்தான். கூவலுக்குக் காலம் கோடை. மார்கழிப் பனியில் ‘அவள் குரல் போலக் குயில் கூவியது’ என்றால் ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு.

பழைய காலத்துக் கதையென்றால் செலவு கூடும். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சைப் பக்கத்துக்கு உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆங்கிலேய அதிகாரி ஹெமிங்வே எழுதிய தஞ்சாவூர் கெஜட்டியர் (1906), பேட் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியர் (1917) போன்றவற்றில் பயிர், பாசனம், சந்தை, சாலை எல்லாம் கிடைக்கும். ஆட்களைப் பற்றி அவர்கள் சொல்வதை மட்டும் துரை கண்ணாடி போட்டுப் பார்த்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டு வாங்கி, கட்டுரைகளைத் தாண்டி விளம்பரங்களைப் பாருங்கள். எந்த சோப்பு, எந்தத் தைலம், என்ன விலை என்பது எந்த வரலாற்று நூலிலும் இப்படிக் கொட்டிக்கிடக்காது.

எப்போது திறப்பது

முதல் படி எழுதும்போது எல்லாவற்றையும் மூடிவையுங்கள். பெயர் தெரியாத இடத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டுவிட்டு நகருங்கள். லெக்சிகனுக்குள் நுழைந்தால் அன்றைய எழுத்து போச்சு. இரண்டாம் படியில் அடைப்புக்குறிகளை நிரப்புங்கள். மூன்றாம் படியில், சேர்த்ததில் கணிசமானதை எடுங்கள். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் ஜான் கார்ட்னரின் பயிற்சி ஒன்று இருக்கிறது, அவர் இறந்த பிறகு வெளிவந்த ‘தி ஆர்ட் ஆஃப் ஃபிக்ஷன்’ நூலில். போரில் மகனைப் பறிகொடுத்த தகப்பன் ஒரு களஞ்சியக் கொட்டகையைப் பார்க்கிறான். கொட்டகையை எழுத வேண்டும், மகனையோ போரையோ சாவையோ சொல்லக் கூடாது. அந்தத் தகப்பன் கண்ணில் படாத சாமான் எத்தனை சரியான பெயரோடு இருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான்.

கடைசியாக, நாவலுக்குப் பின்னால் சொற்பொருள் பட்டியல் போடலாமா என்று பதிப்பகத்தில் கேட்பார்கள். சடங்குப் பெயர்கள், உறவுமுறைகள், வழக்கொழிந்த அளவைகள் இருந்தால் அரைப் பக்கம் கொடுங்கள். நாலு பக்கம் தேவைப்படுகிறதென்றால் பட்டியலைத் தட்டச்சுக்கு அனுப்பாதீர்கள், கையெழுத்துப் படியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.