கண் எரிந்தால் குளோரின் மேல் பழி போடாதீர்கள்

புணேயின் கட்கியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கன்டோன்மென்ட், 1869இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை என்று பிழைப்புக்கு வந்து, அப்படியே வேர் விட்டவர்கள். லீவு விட்டால் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், பிள்ளைகள் வாட்டர் பார்க் என்று நச்சரிப்பார்கள். கிளம்பும் முன் பெரியவர்கள் எடுத்துவிடும் எச்சரிக்கைகளில் பாதி தப்பு. தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அவை பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பயப்பட வைக்கின்றன.

முதலில் குளோரின். "அளவில்லாமல் கொட்டியிருக்கான், அதான் கண்ணு எரியுது, வாடை அடிக்குது" என்பது எல்லாக் குளத்தங்கரையிலும் கேட்கும் வசனம். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். சரியாகப் பராமரிக்கப்படும் குளத்தில் வாடை மிகக் குறைவு. வியர்வை, தலை எண்ணெய், முகத்தில் அப்பிய கிரீம், சிறுநீர் இவை தண்ணீரில் கலக்கும்போது குளோரின் அவற்றோடு சேர்ந்து குளோரமைன் என்ற பொருளாக மாறுகிறது. மூக்கில் ஏறுவதும் கண்ணைச் சிவக்க வைப்பதும் அதுதான். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகிறது என்பதற்கு அந்த வாடையே சாட்சி. கூரை போட்ட உள்ளரங்கப் பூங்கா என்றால் சிக்கல் இரட்டிப்பு. குளோரமைன் வாயு நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே தங்கும். நீந்தும் குழந்தையின் மூக்கும் வாயும் அங்கேதான் இருக்கின்றன. காற்றோட்டம் சரியில்லாத அரங்கில் ஆஸ்துமா பிள்ளைகள் இருமுவது இதனால்தான். உள்ளே நுழைந்ததும் வாடை குப்பென்று அடித்தால் டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, திரும்பிவிடுங்கள். இறங்குவதற்கு முன் ஒரே ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் உடம்பின் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். நம்மவர்களோ வெளியே வந்த பிறகுதான் சோப்புப் போட்டுக் குளிப்பார்கள்!

குளோரின் இருந்தால் எல்லாக் கிருமியும் உடனே செத்துவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. பெரும்பாலானவை சில நிமிடங்களில் சாகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி மட்டும் நன்றாகக் குளோரின் கலந்த நீரிலும் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வயிறு சரியில்லாத குழந்தையை அன்றைக்குக் கூட்டிப் போகாதீர்கள், அவ்வளவுதான். தண்ணீரில் ஒன்றுக்குப் போனால் சுற்றிலும் நீலமாக மாறிக் காட்டிக்கொடுக்கும் சாயம் இருப்பதாகப் பிள்ளைகளை மிரட்டுகிறோமே, அப்படி ஒரு சாயம் எந்தக் குளத்திலும் இல்லை. இந்த ஒரு பொய்யை மட்டும் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

"நைலான் டிரஸ் கேட்பதே வாடகைக் காசு பிடுங்கத்தான்." வாடகை கொஞ்சம் அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதிக்குக் காரணம் உண்டு. பருத்தித் துணியின் பஞ்சு உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும், சாயம் போகும். நனைந்த துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் சறுக்கின் இணைப்பில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் காசும் மிச்சம்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதற்கு ஆதாரம் கிடையாது. வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டு உயரச் சறுக்கில் ஏறினால் வாந்தி வரலாம், மூழ்கிப் போவதில்லை.

மூழ்குவது வேறு விதம். சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று யாரும் கத்துவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாக, ஏணி ஏறுவதுபோல் கை அசையும். பார்ப்பவருக்கு விளையாடுவதாகத் தோன்றும், சில நொடிகளில் காரியம் முடிந்துவிடும். காற்றடைத்த கைப்பட்டையும் டியூபும் பொம்மைகள், பாதுகாப்புக் கருவிகள் அல்ல. சின்னக் குழந்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். லைஃப்கார்டு இருக்கிறார் என்று ரீல்ஸ் பார்க்கும் அப்பாவைத்தான் நான் முதலில் கண்டிப்பேன்.

தண்ணீரை விட்டு ஊர் சுற்றக் கிளம்பினாலும் தப்பு நம்பிக்கைகள் விடுவதில்லை. "கட்கியில் பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்குப் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று போதும். இரண்டாம் உலகப் போரில் இறந்த 1,668 பேர் அங்கே அடக்கம். வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமானது என்று நினைப்பதும் பிழை, ஆப்பிரிக்கப் படைவீரர்களும் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள். 1817 நவம்பர் 5ஆம் தேதி பேஷ்வா படைக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த கட்கிச் சண்டையோடு அன்றே புணே விழுந்துவிட்டதாகச் சொல்வார்கள். அதன்பின் எரவாடாவிலும் ஒரு மோதல் நடந்து, நவம்பர் 17ஆம் தேதிதான் பேஷ்வாக்களின் சனிவார்வாடா கோட்டையில் ஆங்கிலேயர் கொடி ஏறியது. அந்தக் கோட்டைக்குள் 'பாஜிராவ் மஸ்தானி' படத்து அரண்மனையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். 1828 தீயில் மாளிகை போனது. மிச்சம் மதிலும் வாசல்களும் அடித்தளமும் மட்டும். 1773இல் இளம் பேஷ்வா நாராயணராவ் அங்கே கொலையானது நிஜம், பௌர்ணமிக்குக் கேட்கும் அவரது கூக்குரல் வழிகாட்டிகளின் வியாபாரம். காந்தியும் கஸ்தூர்பாவும் 1942இல் சிறைவைக்கப்பட்டது எரவாடா ஜெயிலில் அல்ல, ஆகா கான் மாளிகையில். 1944 பிப்ரவரி 22ஆம் தேதி கஸ்தூர்பா அங்கேயே இறந்தார், சமாதியும் அங்கேயே.

கடைசியாக, எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை: "வாட்டர் பார்க் எதுக்கு? லோனாவாலாவில் அருவி சும்மா கிடக்கு, கணுக்கால் தண்ணிதான்." கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ஏறினால் நேரே லோனாவாலா, செலவும் சொற்பம். ஆனால் ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அரை அடி ஆழமே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 ஜூன் 30ஆம் தேதி புஷி அணைப் பக்கத்து அருவியில் நடுவே நின்ற ஒரு குடும்பத்தில் ஐந்து பேரை வெள்ளம் அடித்துப்போனது, அவர்களில் நான்கு பேர் பிள்ளைகள். 2025 ஜூன் 15ஆம் தேதி குண்ட்மளாவில் இந்திராயணி மேலிருந்த பழைய இரும்புப் பாலம் கூட்டத்தோடு சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். குளத்தில் ஆழம் எழுதியிருக்கும், விசில் ஊத ஆள் இருப்பார். அருவியில் இரண்டும் இல்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை லோனாவாலா பக்கம் போகிறவர்கள், நீர்நிலைகளுக்கு மாவட்ட ஆட்சியர் தடை உத்தரவு போட்டிருக்கிறாரா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். போட்டிருந்தால், தயவுசெய்து போகாதீர்கள்.