கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை முழுவதும் கேட்டேன். நகரத்தில் ஒரு பெரிய சபை உன்னைக் கூப்பிடுகிறது: நல்ல மேடை, நல்ல சவுண்ட் சிஸ்டம், மாதச் சம்பளம். நண்பர்களோ, சொந்தமாக ஆல்பம் போடு, சேனல் தொடங்கு, ஊர் ஊராக ஊழியத்துக்குப் போகலாம் என்கிறார்கள். இரண்டும் வேண்டாமென்றால் இப்போது போலவே பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மண்ணூர்பேட்டைச் சபையில் கீபோர்டு. "அண்ணே, இதில் எது தேவ சித்தம், எது என் ஆசை, எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறாய்.

நம்மில் பலர் முடிவை எடுத்துவிட்டு, அப்புறம்தான் அதற்கு வசனம் தேடுகிறோம். நீ முடிவெடுக்கும் முன்னே கேட்கிறாய். அதற்காகவே கர்த்தருக்கு நன்றி சொன்னேன். உன்னைப் போல வாசிக்கிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதை எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக வாசிக்க வேண்டும், நாலு பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவது பாவம் இல்லை. தாலந்தை மண்ணில் புதைத்தவனைத்தான் எஜமான் கடிந்துகொண்டார். வாசிப்புக்குச் சம்பளம் வாங்குவதும் குற்றமில்லை. வீட்டுக் கடனும் தங்கை படிப்பும் உன் தோளில் இருக்கும்போது, அதைப் பற்றி யோசிப்பதை உலகப்பிரகாரமான சிந்தை என்று யாரும் உன்னைக் குத்திக்காட்ட வேண்டியதில்லை. ஆசை உள்ளே இருப்பதால் ஆபத்து வருவதில்லை. அது ஆண்டவருடைய குரலில் பேசத் தொடங்கும்போதுதான் வருகிறது. நம் ஜெப மொழி முழுவதும் ஆசைக்கு மனப்பாடம். 'தரிசனம்' என்று சொல்லும், 'வாசல் திறக்கிறது' என்று சொல்லும், 'எல்லையை விரிவாக்குகிறார்' என்று சொல்லும். கெட்ட ஆசையை அடையாளம் கண்டுவிடலாம். பக்தியுள்ள ஆசையை அடையாளம் காண்பதுதான் கடினம்.

தாவீதைப் பார். அவனும் வாத்தியம் வாசிக்கிறவன்தான். கேதுரு மர வீட்டில் தான் குடியிருக்க, தேவனுடைய பெட்டி திரைகளுக்குள் இருக்கிறதே என்று வருந்தி, ஓர் ஆலயம் கட்ட நினைத்தான். அதைவிடப் பரிசுத்தமான விருப்பம் இருக்குமா? நாத்தான் தீர்க்கதரிசியும் உடனே, மனதில் உள்ளபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனால் அன்று இரவே கர்த்தர் நாத்தானைத் திருப்பி அனுப்பினார். ஆலயத்தை நீ கட்டப்போவதில்லை, உன் மகன் கட்டுவான் என்பது செய்தி. இதில் இரண்டு விஷயம் கவனி. விருப்பம் நல்லதாக இருந்தாலே அது நமக்கான கட்டளை ஆகிவிடாது. அடுத்தது, உண்மையான தீர்க்கதரிசியே அவசரத்தில் 'ஆம்' சொல்லிவிடக்கூடும். "பிரதர், உங்களைத் தேசங்களுக்குக் கொண்டுபோவார்" என்று கன்வென்ஷனில் யாரோ உன் தலையில் கைவைத்துச் சொன்னதாகச் சொன்னாயே, அந்த வார்த்தையை ஓர் இரவாவது வைத்துப் பார். தாவீது என்ன செய்தான்? கோபித்துக்கொள்ளவில்லை. தான் கட்டப்போகாத ஆலயத்துக்குப் பொன்னும் இரும்பும் மரமும் சேர்த்து, பாடகர்களை வகுப்பு வகுப்பாக ஒழுங்குபடுத்தி, எல்லாவற்றையும் சாலொமோன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

கேட்பது எப்படி என்று உனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாட்சி நேரத்தில் ஓர் அம்மா மைக்கைப் பிடித்து, தன் போக்கில் ஒரு பாட்டைத் தொடங்குவார். எத்தனை கட்டை என்று அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டு ஓர் அடி முழுவதும் கேட்கிறாய். சுருதி பிடிபட்டதும் டிரான்ஸ்போஸ் வைத்து, மெதுவாக உள்ளே நுழைகிறாய். அவர் நடுவில் இறங்கினால் நீயும் இறங்குகிறாய். உனக்குப் பழக்கமான கட்டையில் பலமாக வாசித்து அவரை இழுத்திருக்கலாம். கை அதற்குத்தான் துடிக்கும். ஆனால் அப்படி வாசித்தால் சபை பாடாது, உன்னை வேடிக்கைதான் பார்க்கும். ஜெபத்திலும் இந்த ஒழுக்கம் வேண்டும். நாம் பெரும்பாலும் நமக்குப் பிடித்த கட்டையில் வாசித்துக்கொண்டே, ஆண்டவரே, இதில் சேர்ந்துகொள்ளும் என்று வேண்டுகிறோம்.

இனி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தகப்பனார் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் பெறவில்லை. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியாவைச் சுற்றி வாலிபர்களிடையே வேலை செய்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே சங்கம் அமைத்து ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். நம் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்ற கேள்வி அவரை விடவில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. 1905 டிசம்பரில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் பிறந்தது. இரண்டிலும் அவர் முன்னணியில் நின்றார். 1903இல் உருவான நெல்லைச் சங்கம், நிஜாம் அரசில் இருந்த தோர்ணக்கல் பகுதியை, தெலுங்கு பேசும் ஏழைக் கிராமங்களை, தன் ஊழியத் தலமாகத் தேர்ந்துகொண்டது.

ஊர் ஊராகப் போய், "நீங்கள் புறப்பட்டுப் போக வேண்டும்" என்று வாலிபர்களை அழைத்தவர் அசரியா. அந்த வார்த்தையே ஒருநாள் அவர் பக்கம் திரும்பியது. மற்றவர்களை அனுப்புகிற நீ ஏன் போகவில்லை? 1909இல் செயலாளர் பதவியை விட்டு, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல் போனார். அப்போது அவருக்கு ஏறக்குறைய 35 வயது. தேசம் அறிந்த பேச்சாளர், தெலுங்கில் குழந்தையைப் போல் எழுத்துக்கூட்டிப் பேச வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். நம் ஆசை எப்போதும் நமக்கு நன்றாக வருவதன் மேல்தான் மாடி கட்டும். அவர் கேட்ட அழைப்போ, அவருடைய பலமான ஆயுதத்தையே கீழே வைக்கச் சொன்னது.

1902இல் எழுந்த கேள்விக்கு முழுப் பதில் 1909இல் கிடைத்தது. ஏழு ஆண்டு! அந்த ஏழு ஆண்டும் அவர் கையைக் கட்டிக்கொண்டு சித்தம் தெரியட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. தெரிந்த வரைக்கும் செய்தார். செய்யச் செய்ய அடுத்த அடி தெரிந்தது.

பிற்பகுதியைப் பிரசங்கங்களில் ஒரு மாதிரிச் சொல்வார்கள். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். "பார்த்தீர்களா, தன்னைத் தாழ்த்தினவரை உயர்த்தினார்" என்று முடிப்பார்கள். அந்த முடிவு எனக்குப் போதவில்லை. உயர்வு வரும் என்று எதிர்பார்த்துத் தாழ்ந்து போனால், அதுவும் ஆசைதான். நான் பார்ப்பது அதற்குப் பிந்திய 32 ஆண்டுகளை. பேராயரான பின்னும் அவர் அந்தத் தெலுங்குக் கிராமங்களை விட்டு வரவில்லை. 1945 ஜனவரி 1 அன்று இறக்கும் வரை தோர்ணக்கல் பேராயராகவே இருந்தார். அந்த மக்கள் தங்கள் மெட்டில், தங்கள் பாஷையில் ஆண்டவரைப் பாட வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். பதவி வந்தபின்னும் ஒருவர் யாரோடு இருக்கிறார் என்பதில்தான் அவர் கேட்டது யாருடைய குரல் என்று தெரிகிறது.

கேட்கத் தெரிந்தவர் வாயில்லாப் பூச்சியாக இருப்பார் என்றும் நினைக்காதே. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகளிடம் இந்தியர்களோடு சமமான நட்பு இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே பேசியவர் அசரியா. இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். உன்னைச் சபையில் நிறுத்திவைக்க வேண்டும் என்பதற்காகவே யாராவது "போவது தேவ சித்தமில்லை" என்றால், அதையும் சோதித்துப் பார்க்க உனக்கு உரிமை உண்டு. வாசிக்க ஆள் இல்லை என்பது சபையின் தேவை. அது தன்னாலேயே ஆண்டவரின் கட்டளை ஆகிவிடாது. மூப்பர்கள் சொல்வதை மரியாதையோடு கேள். ஆனால் உனக்குப் பதிலாக அவர்கள் ஜெபம் பண்ண முடியாது. நானும் முடியாது.

வழிநடத்துதல் என்றால் வானத்திலிருந்து சத்தம் வரும் என்று காத்திருக்கிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடருக்கு வந்தது கதவு தட்டும் சத்தம்தான். நோயுற்ற தாயைக் கவனிக்க 1890இல் திண்டிவனம் வந்தவர், மிஷனெரியாவதில்லை, அமெரிக்கா திரும்பித் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்வது என்று உறுதியாக இருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க ஒரு பெண் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனாரை அனுமதிக்க முடியாது என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்தார். வேலூர் சி.எம்.சி. அந்த இரவிலிருந்து வளர்ந்தது.

உன் கதவை யார் தட்டுகிறார்கள் தம்பி? பெரிய சபை தட்டுகிறது, உண்மை. அதில் உண்மையான அழைப்பு இருக்கலாம், நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீயே போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய். சனிக்கிழமை சாயங்காலம் எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கீபோர்டு கற்றுக்கொள்ள வருகிறார்கள் என்றாய். நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு ஆராதனைக்கு வருகிறவர்கள், பாட்டு தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்றாய். எம்.டி.எச். ரோடு இரைச்சலுக்கு நடுவில், வாடகைக் கட்டிடத்தில் கூடுகிற அந்தச் சபையைப் பற்றிப் பேசியபோது உன் குரல் மாறியது. அதையும் சேர்த்துக் கேள்.

சில காரியங்களைச் செய்து பார். பெரிய சபையிடம் நாற்பது நாள் அவகாசம் கேள். கொடுத்தால் நல்லது. இன்றே பதில் வேண்டும் என்று நெருக்கினால், அந்த நெருக்கடியே உனக்கு ஒரு தகவல். அந்த நாற்பது நாளும் ஜெபத்தில் உன் பெயரை விட்டுவிட்டு மற்றவர்களுக்காக மன்றாடு. யாருடைய முகம் திரும்பத் திரும்ப வருகிறது என்று குறித்து வை. உன் திட்டத்தைப் பாராட்டுகிறவர்களிடம் மட்டும் சொல்லாதே. நீ போனால் கஷ்டப்படப் போகிறவர்களிடமும் சொல், அவர்கள் கண்ணைப் பார்த்துச் சொல். அந்தச் சபை, திரைக்குப் பின்னால் பயிற்சி மட்டும் கொடு, ஞாயிறு வாசிக்க வேண்டாம் என்றால் அப்போதும் போவாயா என்று உன்னையே கேள். பதில் உடனே சொல்ல வேண்டாம்.

வாசல் மூடினாலும் கலங்காதே. பவுல் ஆசியாவில் பிரசங்கிக்க விரும்பினார், தடைபட்டது. பித்தினியா போகப் பார்த்தார், அதுவும் தடைபட்டது. துரோவாவுக்கு வந்து சேர்ந்தபின்தான் மக்கெதோனியா மனிதன் தரிசனத்தில் நின்றான். அந்தத் தடைகளும் வழிநடத்துதல்தான்.

சிறுவன் சாமுவேலை நினைத்துக்கொள். கூப்பிட்டது ஏலி என்று எண்ணி மூன்று முறை ஓடினான். ஏலி அவனுக்குச் செய்தி சொல்லவில்லை. பேசுகிறவர் யார் என்று காட்டிக்கொடுத்து, உன் இடத்தில் போய்ப் படுத்துக்கொள் என்று அனுப்பினான். அதற்கு மேல் ஒரு மூத்தவன் செய்யக்கூடியது இல்லை. அன்று சாமுவேல் கேட்டதும் தன் உயர்வைப் பற்றிய செய்தி இல்லை. அவன் நேசித்த வீட்டின் மேல் வரப்போகிற தீர்ப்பு. பெரிய வார்த்தையைக் கேட்ட அந்த விடியற்காலையில் அவன் எழுந்து, வழக்கம் போல் கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான்.

நீயும் அப்படியே இரு. இந்த நாற்பது நாளில் ஒரு ஞாயிறும் தவறாதே, ஒரு சனிக்கிழமை வகுப்பையும் விடாதே. பிறகு போகத்தான் வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தால், குற்ற உணர்வின்றிப் போ, நானே வழியனுப்ப வருகிறேன். ஆனால் போவதற்கு முன், அந்தப் பிள்ளைகளில் ஒருவனையாவது ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கிற அளவுக்குத் தயார் செய்துவிட்டுப் போ. தங்குவதாக இருந்தாலும் அதே வேலையைத்தான் உனக்குச் சொல்வேன்.

கர்த்தருக்குள்,
உன் அண்ணன்